சுஃப்பாவும் சோபாவும்

 

சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் என் மூத்த மகளைப் பெண் பார்க்க ஒரு குடும்பத்தார் வருவதாகச் செய்தி அனுப்பினார்கள். பதினோரு நாள்கள் இருந்தன. எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்போது இருந்தவை நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், கால் ஆடும் ஒரு டீப்பாய், சுவரோரம் சுருட்டி வைத்த இரண்டு கோரைப் பாய்கள். மதரஸாவில் ஓதிக்கொடுத்து வாழும் ஒருவனின் வீட்டில் இதற்குமேல் எதிர்பார்ப்பார் இல்லை. எனினும் பெண்ணைப் பெற்றவளின் மனம் அவ்வாறு அமைதி அடைவதில்லை.

என் மனைவியின் தம்பி அன்று மாலையே ஒரு யோசனையுடன் வந்தார். நகரத்துக் கடையொன்றில் 48,000 ரூபாய்க்குப் புதிய சோபா இருக்கிறதாம். முன்பணம் கொடுத்தால் மீதியை இருபத்து நான்கு மாதத் தவணையில் கட்டலாமாம். தவணை விற்பனை தன்னளவில் ஹராம் அன்று. கடைக்காரரே ஒரு விலையை உறுதியாகச் சொல்லி, அதைப் பிரித்து வாங்கிக்கொண்டால் பெரும்பான்மை அறிஞர்களிடம் அது கூடும். ஆனால் அந்தத் திட்டத்தில் நிதி நிறுவனம் ஒன்று நமக்காகப் பணத்தைக் கட்டிவிட்டு நம்மிடம் வட்டியுடன் வசூலிக்கிறது. தவணை தவறினால் அபராத வட்டியும் உண்டு. நான் மறுத்தேன். கையில் 20,000 ரூபாய் இருந்தது. அதற்குள் பழைய மரச்சாமான்கள் வாங்கலாம் என்றேன்.

"பொண்ணு பார்க்க வர்றவங்க முன்னாடி பழைய சாமானா மச்சான்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நான் சரியான விடை சொல்லவில்லை. அதன்பின் ஏடுகளைப் புரட்டியபோது, அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறே இருப்பதைக் கண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொற்களின் பயணம்

முதலில் "சோபா" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்த இச்சொல் துருக்கி மொழி வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. அதன் வேர் அரபியின் "சுஃப்பா". உயர்த்திக் கட்டிய அமர்விடம், நிழல்திட்டு என்பது அதன் பொருள். நம் ஊர் வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொண்டால் போதும்.

மதீனாவில் மஸ்ஜிதுன் நபவியின் ஒரு பகுதியில் கூரை வேய்ந்த நிழலிடம் ஒன்று இருந்தது. வீடோ, குடும்பமோ, செல்வமோ இல்லாத தோழர்கள் அங்கே தங்கினார்கள். அவர்கள்தாம் "அஹ்லுஸ் சுஃப்பா", அதாவது திண்ணைத் தோழர்கள். அபூஹுரைரா (ரழி) அவர்களும் அவர்களுள் ஒருவர். பசியும் கல்வியும் ஒருங்கே குடியிருந்த அந்த இடத்தின் பெயர்தான் இன்று செல்வத்தின் அடையாளமாகக் கூடத்தின் நடுவில் நிற்கிறது.

"திவான்" என்பதும் அவ்வாறே. பாரசீகத்திலிருந்து வந்த அச்சொல்லுக்கு முதலில் பதிவேடு என்று பொருள். யார் யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்று எழுதி வைக்கும் திவானை முஸ்லிம்களிடையே ஏற்படுத்தியவர் கலீஃபா உமர் (ரழி) அவர்கள். பின்னர் அப்பதிவேடு இருந்த அலுவலகத்துக்கும், அங்கே கூடிய சபைக்கும், சபையில் சுவரோரம் இட்ட நீண்ட இருக்கைக்கும் அப்பெயர் பரவியது. இன்று கடையில் "திவான் கட்டில்" என்று கேட்டு வாங்குகிறோம்.

அலமாரி, மேசை ஆகியவை போர்ச்சுகீசியரிடமிருந்தும், பீரோ பிரெஞ்சுக்காரரிடமிருந்தும் நம் மொழிக்கு வந்த சொற்கள். நாற்காலி மட்டும் நான்கு காலுடன் தமிழிலேயே நிற்கிறது.

நபியவர்களின் இல்லம்

நபி (ஸல்) அவர்களின் படுக்கை பேரீச்சை நார் அடைத்த தோலால் ஆனது என்பதை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஈச்சம்பாயின் தடம் நபியவர்களின் விலாவில் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரழி) அவர்கள் அழுத நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். அதிகம் பேசப்படாத வேறு மூன்று செய்திகள் நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானவை.

முதலாவது, திரைச்சீலை பற்றியது. ஆயிஷா (ரழி) அவர்கள் தம் அறையின் மாடத்தை உருவப்படங்கள் உள்ள சீலை ஒன்றால் மறைத்திருந்தார்கள். நபியவர்கள் அதை விரும்பாமல் அகற்றினார்கள். அந்தச் சீலை குப்பைக்குப் போகவில்லை. அன்னையார் அதை வெட்டித் தலையணைகளாக ஆக்கிக்கொண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்த ஹதீஸை உருவப்படம் பற்றிய சட்டத்துக்காக நாம் ஓதுகிறோம். ஒரு துணி தன் முதல் வேலையை இழந்தபின் இரண்டாவது வேலையைப் பெற்ற கதையாகவும் அதை ஓதலாம்.

இரண்டாவது, படுக்கைகளின் எண்ணிக்கை. ஜாபிர் (ரழி) அவர்கள் வழியாக முஸ்லிமில் வரும் அறிவிப்பில், கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று எனக் கூறிய நபியவர்கள், நான்காவது ஷைத்தானுக்குரியது என்று எச்சரித்தார்கள். தேவைக்கு மேல் பெருமைக்காகச் சேர்ப்பதைப் பற்றிய எச்சரிக்கை இது என்று விளக்கவுரையாளர்கள் எழுதுகிறார்கள். விருந்தாளியின் பங்கு இதில் விட்டுப்போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வருபவருக்கு நல்ல இருக்கை அளிக்க வேண்டும் என்று என் மனைவி கவலைப்பட்டதில் தவறில்லை என்பதை இந்த ஹதீஸே எனக்கு உணர்த்தியது.

மூன்றாவது, ஏலம். உதவி கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரிடம் அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபியவர்கள் வினவினார்கள். பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக்கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், நீர் அருந்தும் கிண்ணமும்தான் இருந்தன. இரண்டையும் வரவழைத்து, யார் வாங்குவது, யார் கூட்டிக் கேட்பது என்று நபியவர்களே ஏலமிட்டார்கள். இரண்டு திர்ஹம் கிடைத்தது. ஒரு திர்ஹத்துக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. கோடரிக்குத் தம் கையாலேயே பிடி பொருத்தி, விறகு வெட்டி விற்க அனுப்பினார்கள். அபூதாவூதில் விரிவாகவும் திர்மிதியில் சுருக்கமாகவும் வரும் செய்தி இது. இமாம் திர்மிதி இதை ஹஸன் என்கிறார். தொடரில் பலவீனம் உண்டு என்போரும் உளர். எனினும் ஏல விற்பனை கூடும் என்பதற்குச் சட்டநூல்களில் இது எடுத்தாளப்பட்டு வந்திருக்கிறது. விற்கப்பட்ட இரண்டுமே பழைய பொருள்கள் என்பது நம் கவனத்துக்குரியது. வாங்கிய தோழர் அதை இழிவாகக் கருதியதாக எந்தக் குறிப்பும் இல்லை.

சுவரோரத்து மெத்தைகள்

பிற்கால நகரங்களிலும் முஸ்லிம் நாட்டு வீடுகளில் மரச்சாமான்கள் குறைவாகவே இருந்தன. எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் ஒரு யூத ஆலயத்தின் பழந்தாள் அறையில் கிடைத்த பல லட்சம் தாள்துண்டுகள், 11, 12ஆம் நூற்றாண்டுகளின் அன்றாட வாழ்வை நமக்குக் காட்டுகின்றன. அவற்றுள் மணப்பெண்ணின் சீர்ப்பட்டியல்கள் பல உள்ளன. மெத்தை, திண்டு, விரிப்பு, திரைச்சீலை என ஒவ்வொன்றும் தனித்தனி விலையுடன் எழுதப்பட்டுள்ளது. மேசை, நாற்காலி என்று தேடினால் ஏமாற்றமே. ஒரு கூடத்தை அலங்கரிப்பது என்பது அன்று துணிகளின் வேலை. அப்பட்டியல்களில் சிறப்பிடம் பெறும் இருக்கையின் பெயர் "மர்தபா". தகுதி, மரியாதை என்ற பொருளிலும் நம் பெரியவர்கள் வழங்கிய அதே சொல். யார் எங்கே அமர்கிறார் என்பதில் மரியாதை அடங்கியிருப்பதாக மனிதன் எக்காலத்தும் எண்ணியிருக்கிறான் போலும்.

அரபு நாடுகளின் மஜ்லிஸ் அமைப்பும் இத்தகையதே. சுவரோரம் தாழ்ந்த இருக்கைகள், நடுவில் வெற்றிடம். 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கத்திலோ பாய்தான் மஜ்லிஸ். தாமிரபரணிக் கரைக் கோரையால் பத்தமடை முஸ்லிம் குடும்பத்தார் நெய்யும் பாய்கள் உலகெங்கும் பெயர் பெற்றவை. மணமக்களின் பெயரையே இழையில் கோத்து நெய்து தரும் வழக்கம் அங்கே உண்டு.

ஜெருசலேமின் பழைய தாள்கள்

இனி, என் மைத்துனரின் கேள்விக்கு நேரான விடைக்கு வருகிறேன். பழைய பொருள்கள் சந்தைக்கு எங்கிருந்து வந்தன?

1974, 1976ஆம் ஆண்டுகளில் ஜெருசலேமின் ஹரமுஷ் ஷரீஃப் வளாகத்திலுள்ள இஸ்லாமிய அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 900 பழைய ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்டன. பெரும்பாலானவை 14ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தவை. அவற்றுள் சற்றேறக்குறையப் பாதி, மனிதர்களின் உடைமைப் பட்டியல்கள். ஒருவர் மரணப் படுக்கையில் இருக்கும்போதோ, மறைந்த பின்னரோ, காழியின் அனுமதியுடன் சாட்சிகள் அவர் வீட்டுக்குச் சென்று உடைமைகளை எழுதினார்கள். ஆடைகள், படுக்கை, தலையணை, செம்புப் பாத்திரம் என எளிய பொருள்களும் அதில் இடம்பெற்றன. கூடவே வாரிசுகள் யார் யார் என்பதும் எழுதப்பட்டது. கணிசமான பட்டியல்கள் பெண்களுடையவை.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? வாரிசுகளின் பங்கும், சில வேளைகளில் பைத்துல் மாலுக்குரிய பங்கும் விடுபடக்கூடாது என்பதற்காக. பெற்றோரும் உறவினரும் விட்டுச்சென்றதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்கு உண்டு; அது குறைவாயினும் அதிகமாயினும் சரியே என்று அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் விதிக்கிறது. ஒரு கிழிந்த மெத்தையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்க இயலாது. ஆகவே பொருள்களை ஏலத்தில் விற்று, அடக்கச் செலவையும் கடனையும் தீர்த்து, மரண சாசனத்தை மூன்றில் ஒரு பங்குக்குள் நிறைவேற்றி, எஞ்சியதைப் பங்கிட்டார்கள். ஃபராயிள் சட்டம் நடைமுறையில் இருந்த நகரங்களில் பழைய பொருள் சந்தை உயிரோட்டத்துடன் இருந்ததற்கு இது ஒரு பெருங்காரணம்.

அந்த ஆவணங்கள் வழியாக நாம் அறியும் ஒருவர் புர்ஹானுத்தீன். ஜெருசலேமில் குர்ஆன் ஓதுவதும் அதையொத்த சிறு பணிகளுமாகப் பல இடங்களில் பகுதிநேர ஊதியம் பெற்று வாழ்ந்தவர். 1387இல் அவர் மறைந்தபோது அவரிடம் ஏறத்தாழ 300 நூல்கள் இருந்தன. அவர் உடைமைகள் ஏலத்தில் விற்கப்பட்ட கணக்குத் தாள்கள் இன்றும் உள்ளன. அரசர்களுக்கு வரலாறு எழுதப்பட்டது வியப்பன்று. என்னைப் போன்ற ஓர் ஓதுநரின் வீட்டுப் பொருளை ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அறிய முடிவதற்குக் காரணம், அவர் வாரிசுகளின் உரிமையைப் பேணிய ஒரு சட்டம்.

சாய்வு நாற்காலி

இந்தச் செய்திகள் மனத்தில் இருந்த நிலையில்தான் நான் சாமான் வாங்கச் சென்றேன். அடுத்த தெருவில் முதியவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் மறைந்திருந்தார். அவருடைய மகன் வீட்டை வாடகைக்கு விடுவதற்காகப் பொருள்களை விற்றுக்கொண்டிருந்தார். பிரம்பு பின்னிய மூவர் அமரும் நீள் இருக்கை, அதே வேலைப்பாட்டில் இரண்டு நாற்காலிகள், ஒரு டீப்பாய், ஒரு சாய்வு நாற்காலி. எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்.

"பர்மாத் தேக்கு ஹஜ்ரத். எங்க வாப்பாவோட வாப்பா ரங்கூன்லேர்ந்து கொண்டு வந்தது" என்றார் அவர்.

அது உண்மையாக இருக்கக்கூடும். 1885இல் ஆங்கிலேயர் மேல் பர்மாவைக் கைப்பற்றியதற்குக் காட்டிய காரணங்களுள் தேக்கு வணிகத் தகராறும் ஒன்று. பின்னர் அம்மரம் கப்பல் கப்பலாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தது. ரங்கூனில் தமிழ் முஸ்லிம்கள் வணிகம் செய்தார்கள். அவர்கள் பெயரால் சூலியா பள்ளிவாசல் அங்கே இன்றும் உள்ளது. 1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது பல லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கால்நடையாகவே காடும் மலையும் கடந்தவர்களும் வழியிலேயே மாண்டவர்களும் ஏராளம். அந்தக் கடைசிப் பயணத்தில் நாற்காலியை யாரும் சுமந்திருக்க முடியாது. இவை அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். தேக்கு அரபுகளுக்கும் புதியதன்று. அவர்கள் அதை "ஸாஜ்" என்றார்கள். துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் உள்ள 9ஆம் நூற்றாண்டு மிம்பர் தேக்கால் செய்யப்பட்டது. இன்றிருக்கும் மிம்பர்களுள் அதுவே மிகப் பழையது.

விலை பேசி முடித்துப் பணத்தை எடுத்தபோதுதான் கேட்டேன்: "உங்க தங்கச்சிமார்கிட்டே சொல்லியாச்சா?"

அவர் முகம் மாறியது. வீட்டையும் தோப்பையும் முறைப்படி பங்கு வைத்தாகிவிட்டது என்றார். இந்தப் பழைய சாமானில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். நம் ஊர்களில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். நிலத்துக்கும் நகைக்கும் ஆலிமை அழைத்து ஃபராயிள் கேட்கிறோம். வீட்டுச் சாமானை மட்டும் வீட்டில் இருப்பவர் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒருவர் மறைந்த நொடியிலிருந்து அவருடைய ஒவ்வொரு கரண்டியும் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவானது. ஒரு பங்காளி மற்றவர் பங்கை அவர் அனுமதியின்றி விற்க முடியாது. வாரிசுகளில் பருவமடையாத பிள்ளை இருந்தால் அப்பிள்ளையின் சம்மதமும் செல்லாது. பொறுப்பாளர் அதன் நலனைக் காக்க வேண்டும்.

நான் பணத்தைத் திரும்பப் பையில் வைத்தேன். அவர் மனம் புண்பட்டது எனக்குத் தெரிந்தது. வீடு திரும்பும் வழியில், நாள் நெருங்கும்போது வந்த பொருளைக் கைநழுவ விட்டேனே என்று எனக்கும் தோன்றாமல் இல்லை.

மறுநாள் இஷாவுக்குப் பின் அவரே வந்தார். கடையநல்லூரில் உள்ள தங்கையும் துபாயில் உள்ள தங்கையும் விற்பனைக்குச் சம்மதித்தார்கள். ஆனால் மூத்த தங்கை தொலைபேசியிலேயே அழுதுவிட்டாராம். அந்தச் சாய்வு நாற்காலியில் அமர்ந்துதான் அவர் வாப்பா ஃபஜ்ருக்குப் பின் யாசீன் ஓதுவாராம். அது மட்டும் தமக்கு வேண்டும் என்றாராம். "நீங்க கேட்கலேன்னா அது உங்க வீட்டுக்கு வந்திருக்கும் ஹஜ்ரத்" என்றார். நாற்காலி விலையில் அத்தங்கையின் பங்கு போக மீதியைச் சகோதரரும் இளைய தங்கையும் விட்டுக்கொடுத்தார்கள். எஞ்சியவற்றை 10,500 ரூபாய்க்கு நான் வாங்கினேன்.

கணக்கும் சில குறிப்புகளும்

வாங்கும்போது நீள் இருக்கையின் பின்கால் ஒன்றில் உளுத்த இடம் இருப்பதை அவரே காட்டினார். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்கள் வணிகத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அந்த பரக்கத் அழிந்துவிடும் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பழைய பொருள் விற்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வாங்குபவர்களும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இருக்கையைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பாருங்கள். ஊசித்துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது. இணைப்புகளை அசைத்துப் பாருங்கள். பஞ்சோ மெத்தையோ உள்ளதாயின் தையலோரங்களில் மூட்டைப்பூச்சி உண்டா என்று தேடுங்கள். மரம் மட்டும் உள்ள பொருள்களே பழையதாக வாங்கப் பாதுகாப்பானவை.

வண்டி வாடகை 700. ஆசாரி உளுத்த பகுதியைச் செதுக்கி எடுத்து ஒட்டுப்போட்டு, உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் பூச 1,900. அறுந்த பிரம்பைப் புதிதாகப் பின்ன 2,200. திண்டுகளுக்கு இலவம் பஞ்சு 1,500. உறைத்துணிக்குச் செலவில்லை, எங்கள் திருமணத்தின்போது வந்து, பெட்டியிலேயே கிடந்த திரைச்சீலைகளை என் மனைவி வெட்டித் தைத்தார். அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் ஹதீஸை நான் சொல்லும் முன்பே அவர் கத்திரியை எடுத்துவிட்டார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். மொத்தம் 16,800 ரூபாய். எஞ்சிய 3,200 ரூபாயில் இரண்டு புதிய பாய்கள் வாங்கிச் சிறிது மீதமும் வைத்தோம்.

விருந்தினர் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் பின்னலைத் தடவிப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தயங்கிய அந்தக் கணத்தில், "பழசுதான், அடுத்த தெருவுல வாங்கினோம்" என்று என் மகளே சொல்லிவிட்டாள். பேச்சு இன்னும் முடிவாகவில்லை. அல்லாஹ் யாரை யாருக்கு நாடியுள்ளானோ அவன் அறிவான்.

உங்கள் வீட்டில் மறைந்த பெரியவர்களின் பொருள்கள் பிரிக்கப்படாமல் கிடந்தால், ஒரு தாளை எடுத்து அவற்றைப் பட்டியலிடுங்கள். சகோதரிகளுக்கு அனுப்புங்கள். விற்பதோ, வைத்துக்கொள்வதோ, விட்டுக்கொடுப்பதோ அதன்பின் ஆகட்டும். 14ஆம் நூற்றாண்டு ஜெருசலேமில் காழியின் சாட்சிகள் செய்ததை இன்று நம் கைப்பேசியிலேயே செய்துவிடலாம்.

நம் இல்லங்களில் உள்ளவை குறைவாயினும் பிறர் உரிமை கலவாதவையாக இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.